கால் டாலர் கணக்கு

எங்கள் ஏரியில் ஐந்து மாதம் பனிக்கட்டி.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றால்
இங்கே முதலில் துளை போட வேண்டும்.

நான் பொருளாளர், வெர்னா.
இருபத்தெட்டு வருடம் தபால் நிலையத்தில்
பிறர் பொட்டலங்களை எடை போட்டவள்.

பிப்ரவரி. ஆலயத்தின் நிலவறையில் ஒன்பது பேர்,
ஈரக் கம்பளி வாசனை, தீய்ந்த காபி.
காணிக்கையில் பத்தில் ஒன்று வெளியே போக வேண்டும்,
கூரை ஒழுகிய வருடத்திலும்.
ஆக, நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு டாலர்.
கேட்டு வந்த கடிதங்கள் பதினேழு.

ஆரின் ட்வைட் சொன்னார்:
தான்சானியாவில் ஒரு கிணறு.
படம் வரும். பிள்ளைகள் வாளியோடு சிரிப்பார்கள்.
வாசலில் மாட்டலாம்.
யாரும் மறுக்கவில்லை.
தண்ணீரை எப்படி மறுப்பது?

பள்ளி நர்ஸ் கிளாரிஸ் பெல்லாஞ்சர்
கோட்டைக் கழற்றாமலே பேசினாள்.
மூன்றாம் வகுப்பில் ஒரு பையன்
திங்கட்கிழமைகளில் வருவதில்லை.
காய்ச்சல் இல்லை. பேன் இல்லை.
சட்டை நாறுகிறது, அது அவனுக்கே தெரிகிறது.
அப்படி இன்னும் பதினொரு பேர்.
கோட்டு வேண்டாம்.
போன வருடம் நீங்கள் தந்த கோட்டுகள்தான்
இப்போது அழுக்காகக் கிடக்கின்றன.

சலவைக் கடை மூன்றாம் தெருவில்.
பாஸ்டரும் நானும் போனோம்.
மாய் யேர் வாங் கவுண்டரை விட்டு வெளியே வரவில்லை.
"செவ்வாய் மாலை, ஐந்திலிருந்து எட்டு.
இயந்திரத்துக்குக் காசு நீங்கள். சோப்பு நான்.
யாரிடமும் பெயர் கேட்கக் கூடாது.
வசன அட்டை கூடாது.
முகாமிலிருந்து என் அம்மா வந்து இறங்கியபோது
அரிசி மூட்டையோடு மூன்று பாட்டும் கொடுத்தார்கள்.
நல்ல பாட்டுதான்.
அரிசிக்காகப் பாடினாள்."

"பிறகு நாம் கொடுத்தோம் என்று யாருக்குத் தெரியும்?"
என்றார் ஆரின்.
வலது கை, இடது கை என்று பாஸ்டர் தொடங்க,
"அந்த வசனம் எனக்கும் தெரியும்.
ஆலயத்தில் ஆளில்லை, அதைச் சொல்லுங்கள்."
பொய்யில்லை.
பதினான்கு வரிசையில் ஐந்தில்தான் தலைகள்.

ஐந்துக்கு நாலு.
கிணற்றுக்குப் பாதி, சலவைக்குப் பாதி.

பேங்கில் கால் டாலர் நாணயம் நாற்பது சுருள் கேட்டேன்.
"சூதாட்ட விடுதிக்கா?" என்றான் பையன்.
ஆமாம் என்றேன்.

முதல் செவ்வாய் யாரும் வரவில்லை.
சுருள்களோடு சும்மா உட்கார்ந்திருந்தேன்.
இரண்டாவது செவ்வாய்
எங்கள் நான்காம் வரிசைப் பெண்,
ஞாயிறுதோறும் சமாதானம் சொல்லி
எனக்குக் கை கொடுப்பவள்,
மூன்று பை துணியோடு.
என்னைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.
நான் காசைப் போட்டேன்.
அவள் படுக்கை விரிப்பு சூடாக வெளியே வந்ததும்
இரண்டு முனையை நான் பிடித்தேன்.
மடிக்க இரண்டு பேர் வேண்டும்,
அவ்வளவுதான் காரணம்.

ஆரின் மூன்றாவது டிரையரின் பெல்ட்டை மாற்ற வந்தார்.
பிறகு வாராவாரம் வருகிறார்.
ஒரு போர்டு, சின்னதாக, கதவருகில் என்று
இன்னும் கேட்கிறார்.
ஸ்பேனரை எடுத்து நீட்டியபடியே
முடியாது என்கிறாள் மாய் யேர்.

ஆண்டுக் கூட்டத்தில் கேட்டார்கள்,
எத்தனை பேர் பயனடைந்தார்கள்?
அறுநூற்றுப் பதினொரு சுமை என்றேன்.
பேர்?
தெரியாது.
திங்கட்கிழமைப் பையன் வருகிறானா?
கிளாரிஸ் சொல்ல மாட்டாள்.
நான் கேட்டுப் பார்த்தேன், தப்புத்தான்.

எட்டு மணிக்கு டிரையரின் வலையை உருவிப்
பஞ்சுப் படலத்தை உரிக்கிறேன்.
யார் வீட்டுப் போர்வை, எந்தப் பிள்ளையின் காலுறை,
என் ஸ்வெட்டரின் சிவப்பும் கொஞ்சம்.
இருபத்தெட்டு வருடம் எடை போட்ட கை.
தராசு முள் அசையாது இதற்கு.
எந்தத் தலைப்பில் எழுதுவது?